ஷெல்லின் தொடக்கக் கோப்புகளும் அவை படிக்கப்படாமைக்குக் காரணங்களும்

மலை, மழை, மறை, மனை என்னும் நான்கு சொற்களையும் அகரவரிசையில் நிறுத்துக என்றால், நெடுங்கணக்கு அறிந்த சிறுவனும் அவற்றை இம்முறையிலேயே நிறுத்துவான். லகரத்தின் பின் ழகரமும், அதன் பின் றகரமும், இறுதியில் னகரமும் வருதல் நம் முறை. ஆயின் இந்நான்கு சொற்களையும் கணினியிடம் தந்து வரிசைப்படுத்துமாறு ஏவினால், சிலவேளை அது மனை, மறை, மலை, மழை என நிறுத்தித் தருகின்றது. பிழை நேர்ந்தது என்று ஒரு சொல்லும் அது கூறுவதில்லை. நான்கு சொற்களாயின் கண்டவுடன் திருத்திக்கொள்ளலாம். நாலாயிரம் சொற்கள் கொண்ட ஒரு நூலுக்குச் சொல்லடைவு செய்வோன் கதி யாதாகும் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

சொல்லடைவும் அகராதியும் நம் மதுரைக்குப் புதியன அல்ல. 1901 இல் பாண்டித்துரைத் தேவர் இந்நகரில் நிறுவிய தமிழ்ச் சங்கம் அகராதிப் பணியிலும் ஈடுபட்டது. 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மின்னூல் முயற்சிக்கு மதுரைத் திட்டம் என்பதே பெயர். பல நாட்டுத் தமிழன்பர் ஊதியமின்றித் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள், முதலில் திஸ்கி முதலிய குறிமுறைகளிலும் பின்னர் யூனிக்கோடிலும், அதன்கண் யாவர்க்கும் கிடைக்கின்றன. ஆகவே, ஒரு சங்க நூலின் பாடத்தை எடுத்துச் சொற்களைப் பிரித்து அடைவு செய்தல் இன்று ஒரு மாணவனாலும் இயல்வதே. அதற்குரிய கருவிகளும் அருகிலேயே உள்ளன. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தார் டெபியனைத் தழுவி ஆக்கிய பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்னும் லினக்ஸும் உடன் வைக்கப்பட்டிருந்தது. லினக்ஸில் உள்ள சார்ட் என்னும் கட்டளை, சொற்களை நொடிப்பொழுதில் வரிசைப்படுத்தும்.

அக்கட்டளை மேற்கூறியவாறு பிறழ்வது ஏன்? யூனிக்கோடு ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தந்திருக்கின்றது. அவ்வெண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. தமிழ் முறை இது என்று கணினிக்கு உரைக்கும் குறிப்பொன்று உண்டு. அதனை மொழிச்சூழல் என்போம். அக்குறிப்பு கிட்டாதபோது சார்ட் எண் வரிசையையே கொள்ளும். குறிப்பைத் தரும் வழியோ ஒரே வரிதான்: எக்ஸ்போர்ட் லாங்=டிஏ_ஐஎன். இவ்வரியைத் தொடக்கக் கோப்பு ஒன்றில் எழுதிவைத்தால், கணினியில் நுழையும் ஒவ்வொரு முறையும் அது தானே நடைபெறும் என்பர். எழுதிவைத்த பின்னும் அது நடைபெறாமற் போதல் பலர்க்கும் நேர்வது. அதன் காரணங்களை முறையாக ஆராய்ந்து கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். கட்டளைகளையும் கோப்புகளின் பெயர்களையும் ஒலிப்படி தமிழெழுத்தில் எழுதுகின்றேன். கணினியில் இடுவோர் அவற்றை ஆங்கில எழுத்திலேயே இடுதல் வேண்டும்.

ஷெல் என்பது யாது?

நாம் இடும் கட்டளையை வாங்கி, அதற்குரிய நிரலை ஓடச் செய்து, விடையை நம்மிடம் சேர்ப்பிக்கும் நிரலே ஷெல். இச்சொல்லை இப்பொருளில் வழங்கியவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பூசான். 1960களில் அவர் ரன்காம் என்னும் நிரலையும் ஆக்கினார். கோப்பில் எழுதிய கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக நடத்துவது அதன் தொழில். தொடக்கக் கோப்புகள் சிலவற்றின் பெயரிறுதியில் இன்றும் காணப்படும் ஆர்சி என்னும் ஈரெழுத்துகள் அப்பெயரின் எச்சமே. யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு 1979 இல் ஸ்டீபன் போர்ன் ஆக்கிய ஷெல் வெளிவந்தது. 1989 இல் பிரயன் பாக்ஸ், அதனைப் பின்பற்றி குனூ இயக்கத்தினர்க்காகப் பாஷ் என்பதனை வெளியிட்டார். போர்ன் என்னும் இயற்பெயரை மறுபிறப்பு என்னும் பொருள்பட வைத்துச் சொல்விளையாட்டாக இட்ட பெயர் அது. லினக்ஸ் கணினிகளில் மிகுதியாக வழங்குவது இப்பாஷே.

தொடக்கக் கோப்புகளின் பெயர்கள் புள்ளியில் தொடங்கும். புள்ளியில் தொடங்குவனவற்றை எல்எஸ் என்னும் கட்டளை சாதாரணமாகக் காட்டுவதில்லை. எல்எஸ் -ஏ என்று இட்டால்தான் காட்டும். இம்மறைவு திட்டமிட்டு அமைந்ததன்று என யூனிக்ஸ் குழுவில் பணியாற்றிய ராப் பைக் எழுதியுள்ளார். ஒரு புள்ளியும் இரு புள்ளியுமாக உள்ள இரண்டு பெயர்களை மட்டும் விலக்கக் கருதியவர்கள், முதலெழுத்து புள்ளியாயின் விலக்குக என்று சுருக்கி எழுதிவிட்டமையால் நேர்ந்த விளைவாம் அது.

படிக்கும் முறை

இனி, பாஷ் எக்கோப்பை எப்பொழுது படிக்கும் என்பதனை அறிதல் வேண்டும். ஒரு மாளிகைக்குப் பல வாயில்கள் இருப்பது போல, ஷெல்லுக்கும் வாயில்கள் மூன்று உண்டு. எவ்வாயிலில் நுழைந்தோமோ அவ்வாயிலில் உள்ள ஏடே படிக்கப்படும்.

முதலாவது, நுழைவு ஷெல். பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து எழுத்துத் திரையில் நுழையும்போதும், தொலைவிலுள்ள கணினியில் எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போதும் பிறப்பது இது. இது முதலில் யாவர்க்கும் பொதுவான /இடிசி/புரொபைல் என்பதனைப் படிக்கும். பின்னர் நம் இல்லக் கோப்புறையில் .பாஷ்_புரொபைல், .பாஷ்_லாகின், .புரொபைல் என்னும் மூன்றனையும் இம்முறையே தேடி, முதலில் கிடைக்கும் ஒன்றை மட்டும் படிக்கும். ஏனையவற்றைத் திரும்பியும் பாராது.

இரண்டாவது, நுழைவல்லாத ஊடாட்ட ஷெல். முன்னரே நுழைந்துவிட்ட ஒருவர், வரைகலைத் திரையில் முனையச் சாளரத்தைத் திறக்கும்போது லினக்ஸில் பெரும்பாலும் பிறப்பது இதுவே. இது .பாஷ்ஆர்சி என்பதனைப் படிக்கும், புரொபைல்களைப் படியாது.

மூன்றாவது, ஊடாட்டமில்லாத ஷெல். கட்டளைக் கோப்பு ஒன்றை ஓட்டும்போது பிறப்பது இது. தனியே ஏவினாலொழிய இது மேற்கூறியவற்றுள் எதனையும் படியாது.

இம்மூன்றும் விளங்கிவிட்டால், பிறவெல்லாம் இவற்றின் வழிப்போதரும் கிளைச் செய்திகளே. தம் கோப்பில் என்ன பிழை என்று பலர் வரிவரியாக ஆராய்ந்து சோர்கின்றனர். அதற்கு முன் கேட்கவேண்டிய வினா, இந்த ஷெல் எக்கோப்பை நாடிச் சென்றது என்பதேயாம்.

காரணங்கள்

முதற் காரணம், வாயில் வேறுபாடு. வரியை .பாஷ்_புரொபைலில் எழுதிவிட்டு, வரைகலை முனையத்தில் அதன் பயனை எதிர்பார்த்தல் இவ்வகை. எக்கோ $0 என்று இட்டு இதனை அறியலாம். விடை -பாஷ் எனச் சிறுகோட்டோடு வரின் அது நுழைவு ஷெல். கோடின்றி வரினும் சில முறைகளில் அது நுழைவு ஷெல்லாக இருத்தல் கூடும். ஆதலின் ஷாப்ட் லாகின்_ஷெல் என்று கேட்டு, ஆன் அல்லது ஆஃப் என்னும் விடை பெறுதலே ஐயமற்ற வழி. ஆப்பிள் கணினிகளின் டெர்மினல் நிரல், ஒவ்வொரு சாளரத்தையும் நுழைவு ஷெல்லாகவே திறக்கும் வழக்கமுடையது. இதனால் ஒருவர் கூறும் அறிவுரை மற்றொருவர் கணினியில் பொய்த்துப்போதல் உண்டு.

இரண்டாம் காரணம், ஒன்று மற்றொன்றை மறைத்தல். டெபியன் வழிவந்தனவற்றில் புதிய பயனர்க்கு .புரொபைலும் .பாஷ்ஆர்சியும் அளிக்கப்படும். நாமோ, நாம் நிறுவிய நிரலொன்றோ, .பாஷ்_புரொபைல் என ஒன்றைப் புதிதாக உண்டாக்கினால், அன்றுமுதல் நுழைவு ஷெல் .புரொபைலைப் படியாது. முன்பு நன்கு இயங்கியன திடீரென நின்றுபோகும். கோப்போ ஓரெழுத்தும் மாறாமல் இருக்கும். எல்எஸ் -ஏ இட்டு மூன்றனுள் எவை உள்ளன என்று காண்க. .பாஷ்_புரொபைல் வேண்டுவதில்லையாயின் அதனை வேறு பெயரிட்டு ஒதுக்குக. வேண்டுவதாயின், ஒரு புள்ளியும் இடைவெளியும் இட்டு . ~/.புரொபைல் என்னும் வரியை அதனுள் சேர்க்க. அவ்வாறு செய்தால் முன்னது பின்னதை அழைத்துப் படிக்கும்.

மூன்றாம் காரணம், ஷெல்லே வேறாதல். ஆப்பிள் நிறுவனத்தார் 2019 இல் வெளியிட்ட கட்டலீனா பதிப்பு முதல், புதிய பயனர்க்கு இசட்ஷெல் என்பதனையே இயல்பான ஷெல்லாக வைத்தனர். அது .இசட்புரொபைல், .இசட்ஷெல்ஆர்சி முதலிய தன் கோப்புகளையே படிக்கும். பாஷின் கோப்புகளை அறியாது. டெபியனிலும் உபுண்டுவிலும் எஸ்எச் என்னும் பெயரால் ஓடுவது பாஷ் அன்று, டாஷ் என்னும் சிறிய ஷெல். சோர்ஸ் என்னும் கட்டளையை டாஷ் அறியாது. அதன் தொழிலைச் செய்யும் ஒற்றைப் புள்ளியை இரண்டும் அறியும். நமக்கென வகுக்கப்பட்ட ஷெல் எது என்பது /இடிசி/பாஸ்வேர்டு பட்டியலில் நம் வரியின் ஏழாம் பகுதியில் எழுதப்பட்டிருக்கும். ஆறாம் பகுதியில் இருப்பது இல்லக் கோப்புறையின் இடம். அது தவறாயின் கோப்புகள் தேடப்படும் இடமே தவறாகும்.

நான்காம் காரணம், படிக்கத் தொடங்கி இடையில் நின்றுவிடுதல். மேற்கோட்குறியைத் திறந்து மூடாது விட்டாலும், நிபந்தனைத் தொடரை முடியாது விட்டாலும், பாஷ் அவ்விடத்தில் இடறும். அதற்கு முன் உள்ள வரிகள் நடைபெறும். பின் உள்ளன கைவிடப்படும். பாஷ் -என் என்பதன் பின் கோப்பின் பெயரை இட்டால், ஒன்றையும் நடத்தாமல் இலக்கணப் பிழையை மட்டும் ஆராய்ந்து கூறும். இன்னொன்றும் உண்டு. டெபியன் தரும் .பாஷ்ஆர்சியின் தலைப்பில், ஊடாட்டமில்லையாயின் இங்கேயே திரும்புக என்னும் கட்டளை எழுதப்பட்டிருக்கின்றது. அதற்குக் கீழே எழுதிய எதுவும் ஊடாட்டமில்லாத வழியில் பயன்படாது. எஸ்எஸ்எச் வழியே ஒற்றைக் கட்டளை அனுப்பும்போது அமைப்புகள் காணாமற் போவதற்கு இது காரணமாதல் உண்டு.

ஐந்தாம் காரணம், கண்ணுக்குத் தெரியாத எழுத்து. விண்டோஸில் எழுதிய கோப்பின் ஒவ்வொரு வரியிறுதியிலும், லினக்ஸ் எதிர்பாராத திரும்பற்குறி ஒன்று இருக்கும். எக்ஸ்போர்ட் லாங்=டிஏ_ஐஎன் என்னும் வரியில் அக்குறி மதிப்பின் வாலில் ஒட்டிக்கொள்ள, அப்பெயருடைய மொழிச்சூழல் கிடையாது என்றாகிவிடும். நம் கண்ணுக்கோ வரி செம்மையாகவே தோன்றும். ஃபைல் என்னும் கட்டளையின் பின் கோப்பின் பெயரை இட்டால், வரியிறுதி எவ்வகையது என்பதை அது கூறிவிடும். விண்டோஸும் லினக்ஸும் ஒரே மடிக்கணினியில் வைத்திருப்போர் இதனை மறவாமல் நோக்குதல் நன்று.

ஆறாம் காரணம், கொடை கீழிறங்காமை. பேரணையில் திருப்பிய வைகை நீர் பெரியாற்றுப் பெருங்கால்வாயில் ஓடி, கிளைக்கால்களில் பிரிந்து, மேலூர்ப் பக்கத்து வயல்களைச் சேர்கின்றது. வயலில் இறைத்த நீர் பேரணைக்கு ஏறுவதில்லை. சூழல் மாறிகளும் அத்தன்மையன. தாய் நிரலிலிருந்து சேய் நிரலுக்கு அவை இறங்கும். சேயிலிருந்து தாய்க்கு ஏறா. மேலும், எக்ஸ்போர்ட் என்னும் சொல்லே மடையைத் திறப்பது. புதிதாக வகுத்த ஒரு மாறிக்கு அச்சொல் இல்லையாயின், அதன் மதிப்பு அந்த ஷெல்லிலேயே தேங்கி நிற்கும். சார்ட் முதலிய சேய் நிரல்களுக்குக் கிட்டாது. தொடக்கக் கோப்பைத் திருத்திய பின் அதனைத் தனி நிரலாக ஓட்டிவிட்டு, பயனில்லையே என்பாரும் உளர். அவ்வாறு ஓட்டும்போது மாற்றமெல்லாம் சேய் ஷெல்லில் நிகழ்ந்து அதனோடு மறையும். ஒற்றைப் புள்ளி இட்டு அழைத்தால்தான் நாம் நிற்கும் ஷெல்லிலேயே நிகழும்.

ஏழாம் காரணம், படிக்கப்பட்டும் பயன்படாமை. எல்சி_ஆல் என்னும் மாறி எங்கேனும் அமைக்கப்பட்டிருப்பின், அது லாங் என்பதனை வென்று நிற்கும். வரிசைமுறைக்கே உரிய எல்சி_கொலேட் என்பதும் லாங்கை வெல்லும். லோக்கேல் என்னும் கட்டளை இவை யாவற்றின் நிலையையும் ஒருங்கே காட்டும். இனி, தமிழ்ச் சூழல் அக்கணினியில் நிறுவப்படாமலே இருத்தலும் கூடும். லோக்கேல் -ஏ என்று இட, வரும் பட்டியலில் டிஏ_ஐஎன் இல்லையாயின், எத்தனை முறை எழுதினும் பயனில்லை; கணினிப் பொறுப்பாளரிடம் சொல்லி நிறுவச் செய்தல் வேண்டும்.

ஆராயும் முறை

காரணங்கள் பலவாயினும் ஆராயும் முறை எளிது. ஐயத்துக்குரிய ஒவ்வொரு கோப்பின் தலையிலும், இக்கோப்புப் படிக்கப்பட்டது என்னும் பொருள்பட எக்கோ வரி ஒன்றைத் தற்காலிகமாக எழுதுக. பின் வெளியேறி மீண்டும் நுழைக. எவை பேசுகின்றன, எவை பேசவில்லை என்பதனால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும். ஆராய்ச்சி முடிந்தவுடன் அவ்வரிகளை நீக்கிவிடுதல் கடமை. .பாஷ்ஆர்சியில் அவை தங்கிவிட்டால், தொலைக்கணினிகளுக்கிடையே கோப்புகளைப் படியெடுக்கும் எஸ்சிபி முதலிய நிரல்கள் குழம்பி நிற்கும்.

இன்னும் நுணுக்கமாகக் காண வேண்டின், பாஷ் -எல்எக்ஸ் என்று இடுக. புதிய நுழைவு ஷெல் ஒன்று பிறந்து, தான் நடத்தும் ஒவ்வொரு வரியையும் கூட்டற்குறி முன்னிட்டுத் திரையில் எழுதிக்கொண்டே போகும். எந்த வரியில் அது நின்றதோ அங்கே நோய். எனினும், இப்புதிய ஷெல் நாம் நிற்கும் ஷெல்லின் மாறிகளையும் பெற்றிருக்கும் என்பதை மறத்தலாகாது. முன்னரே கையால் அமைத்த மதிப்பை, கோப்பு அமைத்தது என்று மயங்குதல் கூடும். என்வி -ஐ என்பதன் பின் இல்லக் கோப்புறையின் பெயரை மட்டும் ஹோம் மாறியாகத் தந்து பாஷை அழைத்தால், பழைய மாறிகள் எவையும் ஒட்டாத தூய ஷெல் கிடைக்கும்.

திருத்தத் தொடங்குமுன் இரண்டு காவல்கள் வேண்டும். கோப்பைப் படியெடுத்து வைத்தல் ஒன்று. நுழைந்த சாளரம் ஒன்றைத் திறந்தபடியே வைத்திருந்து, மற்றொன்றில் நுழைந்து சோதித்தல் மற்றொன்று. தொடக்கக் கோப்பில் எக்ஸிட் என்பது தவறான இடத்தில் அமைந்துவிட்டால், நுழையுந்தோறும் வெளியே தள்ளப்படுவோம். திறந்த சாளரம் இருப்பின் அதன் வழியே திருத்திக்கொள்ளலாம்.

எதனை எங்கே எழுதுவது என்பதற்கும் ஒரு வரையறை கூறலாம். கீழிறங்க வேண்டிய சூழல் மாறிகளை .புரொபைலில் எழுதுக. சுருக்கப் பெயர்களும் கட்டளை முகப்பின் தோற்றமும் போல ஊடாட்டத்துக்கே உரியவற்றை .பாஷ்ஆர்சியில் எழுதுக. ஒன்றையே இரண்டிலும் எழுதுவோர், பின்னாளில் ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்து இடர்ப்படுவர்.

தமிழ் மாணவர்க்கு ஒரு சொல்

அமைப்பு வந்து சேர்ந்ததா என்பதை அறியச் சிறு சோதனை ஒன்று உண்டு. மதுரை என்னும் சொல் நம் இலக்கணப்படி மூன்றெழுத்து. யூனிக்கோடோ ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்தாக எண்ணும். அவை யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாகப் பதினைந்து இடங்களில் அமையும். பிரின்டெஃப் மதுரை | டபிள்யூசி -எம் என்று இடுக. விடை 5 எனின், கணினி யூனிக்கோடு எழுத்துகளை அறிகின்றது. 15 எனின், அது வெறும் பைட்டுகளையே எண்ணுகின்றது. நம் வரி படிக்கப்படவில்லை. 5 என வந்த பின்னும், ஆங்கிலச் சூழலிலும் 5 என வருதல் கூடுமாதலின், முதலிற் கூறிய நான்கு சொற்களையும் சார்ட்டிடம் தந்து, மலை முதலாகவும் மனை ஈறாகவும் வருதலைக் கண்டே தெளிக.

நிற்க. தொடக்கக் கோப்பு உள்ளவாறு படிக்கப்பட்டாலும் அதனையே முழுதும் நம்பியிருத்தல் ஆராய்ச்சிக்கு ஏற்றதன்று. குறித்த நேரத்தில் தானே ஓடுமாறு கிரான் என்பதனிடம் ஒப்படைத்த வேலை, நம் தொடக்கக் கோப்பு எதனையும் படியாது. நண்பர் ஒருவர்க்கு நம் கட்டளைக் கோப்பைத் தந்தால், அவர் கணினியில் நம் .புரொபைல் இராது. ஆகவே, முடிவு எதனைச் சார்ந்திருக்கின்றதோ அதனை வேலையினுள்ளேயே எழுதுக. எல்சி_ஆல்=டிஏ_ஐஎன் என்பதனைக் கட்டளைக் கோப்பின் தலையில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டால், எவ்வாயிலில் நுழைந்தாலும், அச்சூழல் நிறுவப்பட்ட எக்கணினியிலும், அடைவு ஒரே முறையில் அமையும். தொடக்கக் கோப்பு நம் வசதிக்கு உரியது. நூலின் செம்மைக்கு உரியதை அதன் பொறுப்பில் விடலாகாது.

கூச்சலிட்டு நிற்கும் பிழையை எவரும் காண்பர். மௌனமாகப் பிறழ்ந்த அடைவோ செம்மையான அச்சிலும் கட்டிலும் நூலகம் ஏறி நிற்கும். மழை என்னும் சொல்லைத் தேடும் மாணவன், லகரத்துக்கும் றகரத்துக்கும் இடையே அதனைக் காணாமல், இந்நூலில் இச்சொல் பயிலவில்லை என்று எழுதிப்போவான். அவன் எழுதியதைப் பிறரும் எடுத்தாள்வர். ஒரு வரி படிக்கப்படாமையின் பயன் அத்துணைத் தொலைவு செல்லும். ஆதலின் சொல்லடைவு செய்யும் அன்பர்கள், வேலை தொடங்குமுன் அந்நான்கு சொற்களையும் ஒருமுறை கணினியிடம் கொடுத்து, அது நம் நெடுங்கணக்கு அறிந்துளதா என வினவிக்கொள்வாராக.